மெஷின் பிழையா, கைவேலையா? அச்சுப்பிழை ரூபாய் நோட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், சட்டைக்கும் செருப்புக்கும் நடுவே சிலர் பழைய காசும் நோட்டும் விரித்திருப்பார்கள். அந்த விரிப்புகளின் முன்னால் குந்தி உட்கார்ந்தே எனக்குப் பல வருஷம் ஓடிவிட்டது. முன்பெல்லாம் "இது எந்தக் காலத்துக் காசு?" என்று கேட்பார்கள். இப்போது பத்துப் பேர் கேட்டால் எட்டுப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: "சார், இது ஒரிஜினல் மிஸ்பிரிண்ட்தானா?" கடலூரிலிருந்து ஒரு தம்பி நோட்டை நெஞ்சோடு அணைத்தபடி பஸ் ஏறி வந்து கேட்டிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிட்டேன்.

அச்சுப்பிழை நோட்டு என்றால் எது?

அச்சகத்துக்குள் நடந்த தவறு, அங்கே நடக்கும் சோதனையில் சிக்காமல் வெளியே வந்துவிட்ட அசல் நோட்டு. அவ்வளவுதான். அச்சகத்தை விட்டு வந்த பிறகு அதற்கு என்ன ஆனாலும் அது பிழை இல்லை, சேதம். வெயிலில் வெளுத்தது, சட்டைப் பையோடு துவைத்தது, குழந்தை பேனாவால் கிறுக்கியது எல்லாம் இதில் சேரும். அதையே காசுக்காக வேண்டுமென்று செய்தால் நாங்கள் அதைக் கைவேலை என்போம்.

கள்ளநோட்டு வேறு கதை. அதில் தாளே பொய். கைவேலை நோட்டில் தாள் அசல், காந்தி அசல், பாதுகாப்பு இழை அசல். 'பிழை' ஒன்றுதான் போலி. அதனால்தான் கடையில் இருக்கும் நோட்டு எண்ணும் மெஷின் அதை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். "மெஷின்ல போட்டுப் பார்த்தேன் சார், ஓகே காட்டுது" என்று யாராவது சொன்னால், அந்த ஓகேவுக்கும் பிழைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு நோட்டைக் கையில் வாங்கியதும் முதலில் என்ன பார்ப்பீர்கள்?

நோட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் வேலை வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாப் பதிலும் இதன் மேல்தான் நிற்கிறது.

இந்திய நோட்டுகள் நான்கு ஊர்களில் அச்சாகின்றன: நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி. பருத்தி நாரால் ஆன தாள் பெரிய பெரிய ஷீட்டாக வரும். நீர்க்குறியும் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நிழல் உருவம்) பாதுகாப்பு இழையும் தாள் செய்யும்போதே உள்ளே போய்விடும். அந்த ஷீட்டில் முதலில் ஆஃப்செட்டில், அதாவது ரப்பர் உருளை வழியாக மையைத் தட்டையாக ஏற்றும் முறையில், பின்னணி நிறங்களும் மெல்லிய கோடுகளும் விழும். அடுத்தது இன்டாக்ளியோ. செதுக்கிய தகட்டில் மையை நிரப்பி, பெரிய அழுத்தத்தில் தாளை அதன்மேல் அமுக்குவது. 100 ரூபாயிலிருந்து மேலே உள்ள நோட்டுகளில் காந்தி படத்தை விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படுவது இதனால்தான். அதற்கும் பிறகுதான் நம்பர். கடைசியில் ஷீட்டை அடுக்கி வெட்டி, நூறு நூறாகக் கட்டுவார்கள்.

தாள், ஆஃப்செட், இன்டாக்ளியோ, நம்பர், வெட்டு. இந்த ஐந்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்த நோட்டைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தப்பு எந்த வேலையில் நடந்தது? அதற்கு முந்தின வேலையெல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்குப் பிந்தின வேலைகளில் அந்தத் தப்பின் விளைவு தெரிய வேண்டும். கதை கோர்வையாக வந்தால் மெஷின் பிழை. நடுவில் எங்காவது முட்டினால் கைவேலை.

ஒரு நம்பர் இல்லாத நோட்டு கிடைத்தது. அசலா?

இதில்தான் நானே ஏமாந்தேன். ஊதா நிற 100 ரூபாய். இடது மேலே நம்பர் இருந்தது, வலது கீழே வெறும் வெள்ளை. விரித்திருந்தவர், "அண்ணே, இன்னைக்கு விட்டா நாளைக்கு இருக்காது" என்றார். 1200 ரூபாய் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்து, டார்ச்சைத் தாளோடு படுக்க வைத்துச் சாய்வாக அடித்தேன். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் நார் எழும்பி, துணியில் பிசிறு நிற்கிற மாதிரி நின்றது. பின்பக்கம் திருப்பினேன். 4 என்று ஒரு இலக்கம் மங்கலாகப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

ஏன் அப்படித் தெரிந்தது? நம்பர் அடிப்பது லெட்டர்பிரஸ் வேலை. எழுத்து தாளில் லேசாகக் குத்தும். மையை அழிக்கலாம், குத்திய பள்ளத்தை அழிக்க முடியாது. தவிர, நம்பர் விழுவது ஏற்கெனவே அச்சான இளநிறப் பின்னணியின் மேல். ரப்பரால் தேய்த்தாலும் பிளேடால் சுரண்டினாலும் நம்பரோடு அடியில் இருக்கும் மெல்லிய கோடுகளும் போய்விடும். அசல் பிழையில் பின்னணி முழுசாக இருக்கும், நம்பர் மட்டும் இருக்காது.

வரிசைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இரண்டு நம்பரும் ஒரே ஓட்டத்தில் விழுகின்றன. ஷீட் அந்த மெஷினைத் தொடாமல் போயிருந்தால் இரண்டுமே இருக்காது. ஒன்று மட்டும் இல்லையென்றால் அந்த இடத்தில் தாள் மடிந்திருக்க வேண்டும், அல்லது ஏதோ ஒன்று மறைத்திருக்க வேண்டும். மடிந்திருந்தால் மடிப்பின் தடம் இருக்கும், காணாமல் போன நம்பர் மடிந்த பகுதியின் மறுபக்கத்தில் விழுந்திருக்கும். இதில் எதுவும் இல்லாமல் ஒரு நம்பர் மட்டும் மாயமாகாது. இதை அன்றைக்கு யோசித்திருந்தால் 1200 ரூபாய் மிச்சம்.

இரண்டு நம்பரும் வேறு வேறாக இருக்கிறதே?

நடக்கும். ஊரில் சின்ன அச்சகங்களில் பில் புக்குக்கு நம்பர் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டால் 47க்கு அடுத்து மறுபடி 47 விழும், அல்லது சக்கரம் பாதி திரும்பி 7இன் வாலும் 8இன் தலையும் சேர்ந்து விழும். நோட்டு அச்சகத்திலும் தத்துவம் அதேதான். மேலே ஒரு நம்பர் பெட்டி, கீழே ஒன்று. ஒன்று சிக்கி மற்றது ஓடினால் இரண்டும் பொருந்தாது.

சிக்கிய சக்கரம் ஒரே ஒரு நோட்டோடு தானாகச் சரியாவது அபூர்வம். ஷீட்டுகளை அடுக்கி வெட்டுவதால் ஒரு கட்டில் அடுத்தடுத்து வரும் நோட்டுகள் ஷீட்டில் ஒரே இடத்தில் இருந்தவை, ஒரே பெட்டியில் நம்பர் வாங்கியவை. அதனால் முன்னால் பின்னால் உள்ள நோட்டுகளிலும் அதே கோளாறு தெரிய வாய்ப்பு அதிகம். ஒற்றை நோட்டைக் காட்டினால் நான் யோசிப்பேன். அடுத்தடுத்த மூன்றைச் சேர்த்துக் காட்டினால் எழுந்து உட்காருவேன்.

கைவேலைக்காரர்களுக்குப் பிடித்தது, கூட்டி எழுதுவது. 3ஐ 8 ஆக்கலாம், 1ஐ 7 ஆக்கலாம். ஆனால் 2015இலிருந்து நம்பர் இலக்கங்கள் இடமிருந்து வலமாகப் பெரிதாகிக்கொண்டே போகும் நோட்டுகள் வருகின்றன. முதல் மூன்று எழுத்துகள் ஒரே அளவு, அடுத்த ஆறு இலக்கமும் ஒன்றைவிட ஒன்று பெரிது. வேறிடத்து இலக்கத்தை நகலெடுத்து அங்கே போட்டால் உயரம் ஒத்துவராது. லென்ஸில் பார்த்தால் கம்ப்யூட்டர் பிரிண்டர் மை நாரில் கசிந்து பரவியிருக்கும், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக இருக்கும். லெட்டர்பிரஸ் எழுத்தின் விளிம்பில் மை ஒதுங்கிக் கரை கட்டி நிற்கும்.

785ஐ, பலர் புனிதமாக நினைக்கும் 786 ஆக்கியதும் இதே சோதனையில் மாட்டும். 786 நம்பர் பிழையே இல்லை என்பது வேறு விஷயம். அது நம்பிக்கை சார்ந்த விருப்பம்.

மூலையில் கூடுதல் தாள் நீட்டிக்கொண்டிருக்கும் நோட்டை நம்பலாமா?

சேகரிப்பவர்கள் பட்டர்ஃபிளை என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை, ஏனென்றால் இது பொய் சொல்லத் தெரியாத வகை. வெட்டுவதற்கு முன்னால் ஷீட்டின் மூலை உள்பக்கம் மடிந்துகொள்கிறது. வெட்டும்போது அந்த மடிந்த பகுதி கத்திக்குத் தப்பிவிடுகிறது. பிறகு நீங்கள் விரிக்கும்போது சிறகு மாதிரி வெளியே நீட்டுகிறது.

சோதனை எளிது. மடிப்புத் தடத்தின்மேலேயே மறுபடி மடியுங்கள். மடித்தால் நோட்டு கச்சிதமான செவ்வகமாக வேண்டும், ஓரம் ஒரு மயிரிழைகூடத் தள்ளி நிற்கக் கூடாது. அப்புறம் சிறகில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். அச்சுக்கு முன்பே மடிந்திருந்தால் முன்பக்கத்து அச்சு சிறகின் பின்பக்கத்தில் விழுந்திருக்கும், விரித்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை தெரியும். அச்சு முடிந்து, வெட்டுக்கு முன்னால் மடிந்திருந்தால் சிறகில் பக்கத்து நோட்டின் துண்டோ ஷீட்டின் வெள்ளை ஓரமோ இருக்கும். இரண்டும் இல்லாமல் வெறும் தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் யாரோ பசை தொட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஒட்டு இருட்டாகத் தெரியும், நகத்தால் வருடினால் படி தட்டும். ஒட்டுவதற்கு எடுத்தது சாதாரண வெள்ளைத் தாள் என்றால் யூ.வி. (புற ஊதா) டார்ச்சில் நீலமாக எரியும். நோட்டுத் தாள் அப்படி எரியாது.

வெட்டு தப்பிய நோட்டை எப்படிப் பார்ப்பது?

ஸ்கேல் எடுங்கள். இப்போதைய 500 ரூபாய் 66 மி.மீ. அகலம், 150 மி.மீ. நீளம். 200 ரூபாய் 66க்கு 146. ஊதா 100 ரூபாய் 66க்கு 142. வெட்டு நகர்ந்த நோட்டில் ஒரு பக்கம் குறைந்தது மறுபக்கம் கூடியிருக்கும். மொத்த அளவு பெரும்பாலும் மாறாது. கூடிய பக்கத்தில் பக்கத்து நோட்டின் ஓரம் எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

ஒரு பக்கம் குறைந்து, மறுபக்கம் கூடாமல், மொத்தமே 3 மி.மீ. சின்னதாக இருந்தால் அது வீட்டுக் கத்தரிக்கோல். இந்த ரகம்தான் சந்தையில் அதிகம். செலவே இல்லாத கைவேலை இதுதான்.

காந்தி படம் இல்லாத நோட்டு வருமா?

வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூர் மாவட்டத்தில் விவசாயிகள் வங்கியில் வாங்கிய 2000 ரூபாய் நோட்டுகளில் காந்தி படம் இல்லை என்று செய்தி வந்தது. நோட்டு அசல்தான், அச்சுக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். அதற்குச் சில வாரம் முன்பு, 2016 நவம்பரில், புது 500 ரூபாயில் காந்தி முகத்தை ஒட்டி நிழல் விழுந்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியபோது, அவசரத்தில் குறையுள்ள சில நோட்டுகள் வெளியே போயிருக்கலாம் என்று ரிசர்வ் வங்கித் தரப்பே சொன்னது. அந்த வேகத்தில் அச்சடித்தால் பிழை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, உங்கள் கையில் உள்ளது? 500 ரூபாயில் காந்தி படம், அசோகத் தூண் சின்னம், கண் தெரியாதவர்கள் தடவிப் பார்க்கும் வட்டம், இரண்டு ஓரத்திலும் சாய்ந்து நிற்கும் ஐந்து ஐந்து கோடுகள், எல்லாம் இன்டாக்ளியோ, அதாவது புடைப்பு அச்சு. ஷீட் அந்த மெஷினுக்கே போகாமல் தப்பியிருந்தால் இவை எல்லாமே போயிருக்க வேண்டும். நடுவில் ஏதோ துண்டுத் தாள் விழுந்து மறைத்திருந்தால், வெற்றிடம் அந்தத் துண்டின் வடிவத்தில், விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும், பாதி மூக்கோடு கூட நிற்கும். ஆனால் காந்தியின் உருவம் மட்டும் தலையிலிருந்து தோள் வரை அழகாகக் காணாமல் போய், சுற்றியுள்ள புடைப்பு அச்செல்லாம் பத்திரமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எது முகம், எது பின்னணி என்று மெஷினுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

நிறம் மாறிய நோட்டு, ஒரு நிறமே இல்லாத நோட்டு?

பத்தில் ஒன்பதை நான் தொடுவதே இல்லை. பிளீச்சிங், ஆசிட், வெயில், எலுமிச்சைச் சாறு என்று வீட்டில் இருப்பதை வைத்தே நிறத்தை மாற்றுகிறார்கள். மெஷினில் ஒரு நிற மை தீர்ந்துபோனால் அந்த நிறம் மட்டும் போகும், மற்றவை முழு அடர்த்தியோடு இருக்கும். அதுவும் மை தீரும்போது சட்டென்று நிற்காது, மங்கிக்கொண்டே போய் நிற்கும். ரசாயனத்தில் போட்டால் எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் சோகை பிடித்திருக்கும், முன்பக்கம் மட்டும் இல்லாமல் பின்பக்கமும். தாளின் மொடமொடப்பு போய்த் துவண்டுவிடும். புத்தம் புது நோட்டைக் காதருகே சுண்டிப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தத்தை எந்த ஆசிட்டும் திருப்பித் தராது.

பின்பக்கத்தில் காந்தி இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கிறார். இது என்ன?

நல்ல பிழையாக இருக்கலாம். மெஷினில் ஒரு ஷீட் வராமல் போனால், தாளில் விழ வேண்டிய மை எதிர் உருளையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் ஷீட்டின் பின்பக்கத்தில் அது அப்பிவிடும். அதனால்தான் கண்ணாடி பிம்பமாக, இடவலம் மாறி விழுகிறது. வெளிச்சத்தில் பிடித்தால் முன்பக்கத்து உருவத்தோடு அளவில் அப்படியே ஒத்துப்போக வேண்டும். இடவலம் மாறாமல் நேராக இருந்தாலோ அளவு சின்னதாக இருந்தாலோ ரப்பர் ஸ்டாம்ப் ஆசாமியின் வேலை.

லேசாக மை இழுத்த தடம், ஒரு புள்ளி, கொஞ்சம் கறை இதெல்லாம் பிழைதான், ஆனால் காசு கொடுத்து வாங்கும் பிழை இல்லை.

பாதுகாப்பு இழை இல்லாத நோட்டு?

ஊசி முனையால் உருவி எடுப்பார்கள். உருவிய இடத்தில் தாள் இரண்டு பாளமாக விட்டு, உள்ளே வெறும் குழாய் மாதிரி இருக்கும். மேல் விளிம்பைக் கவனியுங்கள், இழையைப் பிடித்து இழுத்த இடத்தில் சின்னப் பிளவு இருக்கும். இழை சில மி.மீ. இப்படி அப்படி நகர்ந்திருப்பதெல்லாம் சர்வ சாதாரணம், அதைப் பிழை என்று விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நம்பருக்கு நடுவில் நட்சத்திரம் இருக்கிறதே?

பிழை இல்லை, பிழைக்கு மருந்து. நூறு நோட்டுக் கட்டில் ஒன்று குறையாக அச்சாகிவிட்டால் அதை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நட்சத்திர நோட்டை வைப்பார்கள். 2006இல் 10, 20, 50 ரூபாயில் தொடங்கியது. 2023இல் நட்சத்திர நோட்டு கள்ளநோட்டு என்று வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பி, ரிசர்வ் வங்கி அறிக்கை விட வேண்டி வந்தது. செல்லும் நோட்டுதான்.

இதேபோல் நம்பர் பகுதியில் மறைவாக ஒரு ஆங்கில எழுத்து இருப்பதும் சில நோட்டில் இல்லாமல் இருப்பதும் அச்சு வரிசை (சீரிஸ்) வித்தியாசம். பின்பக்கம் அச்சிட்ட வருஷம் இல்லாத பழைய நோட்டும் பிழை இல்லை, 2005இலிருந்துதான் வருஷம் போட ஆரம்பித்தார்கள்.

என்னென்ன கருவி வேண்டும்?

நகைக்கடையில் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ், ஒரு டார்ச், மி.மீ. ஸ்கேல், சின்ன யூ.வி. டார்ச். இவற்றைவிட முக்கியமான கருவி, அதே மதிப்பு, அதே வகையில் ஒரு நல்ல நோட்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

யூ.வி. டார்ச்சில் என் நோட்டு முழுக்க நீலமாக ஒளிர்கிறது. போலியா?

அவசரப்படாதீர்கள். சட்டையோடு ஊறப்போட்டுத் துவைத்த நோட்டும் அப்படித்தான் ஒளிரும். துணி பளிச்சென்று தெரிவதற்காகச் சோப்புத்தூளில் கலக்கும் பொருள் தாளில் ஏறிக்கொள்ளும். நான் ஒரு நல்ல 50 ரூபாயை இப்படித் தப்பாகப் பழித்திருக்கிறேன். ஒளிர்வதை நோட்டு முழுக்கப் பார்க்க வேண்டும். முழுக்க ஒரே சீராக ஒளிர்ந்தால் துவைத்ததாக இருக்கலாம். தாள் ஒரு மூலையில் மட்டும் ஒளிர்ந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

ஏ.டி.எம்.மில் பிழை நோட்டு வந்தது. வங்கிக்குக் கொண்டு போகலாமா?

முகமதிப்பு போதும் என்றால் போகலாம், மாற்றித் தருவார்கள். போன நோட்டு திரும்பி வராது, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள நினைத்தால் ஏ.டி.எம். சீட்டையும் சேர்த்து வையுங்கள், அதே தடவை வந்த மற்ற நோட்டுகளையும் பாருங்கள்.

கைவேலை நோட்டைக் கொண்டு போனால் சங்கடம். வேண்டுமென்றே வெட்டியது, மாற்றியது, அழித்தது என்று தெரிந்தால் நோட்டு மாற்றும் விதிகளின்படி மறுத்துவிடலாம். கள்ளநோட்டு என்றே தீர்மானித்தால் முத்திரை குத்திப் பிடித்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். ஒரே தடவையில் 4 வரை இருந்தால் மாத முடிவில் மொத்தமாகப் போலீசுக்குத் தகவல் போகும், 5 அல்லது அதற்கு மேல் என்றால் எஃப்.ஐ.ஆர்.

பிழை நோட்டு வைத்திருப்பதும் விற்பதும் தப்பா?

அசல் பிழை நோட்டு ரிசர்வ் வங்கி வெளியிட்ட பணம்தான். வைத்திருப்பது தப்பில்லை. கைவேலை செய்து, தெரிந்தே அசல் பிழை என்று விற்றால் அது ஏமாற்று. பழைய 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. கள்ளநோட்டுக்கு 178இலிருந்து தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

'டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம்' என்று விளம்பரம் வருகிறதே?

அந்த நோட்டு நம் வீடுகளில் கட்டுக் கட்டாகப் புழங்கியது. முதலில் ஆசை காட்டுவார்கள், அப்புறம் பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று உங்களிடமே வாங்குவார்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கிறார்கள், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்குகிறவன் பணம் கேட்டால் அவன் வாங்குகிறவன் இல்லை.

பிளாஸ்டிக் உறையில் சீல் போட்டு, தரச்சான்று ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள். உறையில் உள்ள சான்று எண்ணை அந்தத் தர நிறுவனத்தின் தளத்தில் போட்டால் நோட்டின் விவரம் வர வேண்டும். நம்பர் ஒத்துப்போகிறதா, படம் இருந்தால் அதே நோட்டுதானா என்று பாருங்கள். உறையின் ஓரம் பிரித்து ஒட்டியது போல் இருந்தால் வேண்டாம்.

பாட்டி பெட்டியில் பிரெஞ்சுக்காரர் காலத்து நோட்டு இருந்தது. அதில் பிழை இருக்கிறதாம்?

பாண்டிச்சேரிக்காரர்களிடம் மட்டும் வரும் கேள்வி. பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீன வங்கி பிரெஞ்சிந்தியாவுக்காக ரூபாய் நோட்டு வெளியிட்டது. பாரதி பூங்காவுக்குப் பக்கத்தில் இப்போது யூகோ வங்கி இருக்கும் கட்டடம் அதனுடையதுதான். ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த 1954 நவம்பர் 1க்குப் பிறகு அந்த நோட்டுகளுக்கு இங்கே வேலை இல்லாமல் போனது. பெட்டியில் கிடப்பது உண்மையிலேயே அபூர்வமாக இருக்கலாம். ஆனால் இந்த வகையில் பிழையைப் பற்றிக் கவலைப்படும் முன், நோட்டே அசல்தானா என்று பாருங்கள். சுற்றுலாக்காரர்களுக்கு விற்கக் கலர் நகல் எடுத்து, தேநீரில் முக்கி, காயவைத்துப் பழசாக்குவது சுலபம். லென்ஸில் வைத்தால் நகலில் எல்லா நிறமும் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாகச் சிதறும். அசலில் கோடு கோடாகவே இருக்கும். தேநீர்க் கறை தாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும், உண்மையான பழசு மடிப்பிலும் ஓரத்திலும்தான் அதிகம் கறுக்கும்.

கூடவே இன்னொன்று. நடுவில் வெட்டி ஒட்டிய பிரிட்டிஷ் இந்திய நோட்டைப் பார்த்தால் சேதம் என்று ஒதுக்காதீர்கள். அந்தக் காலத்தில் தபாலில் பணம் அனுப்பும்போது திருட்டுக்குப் பயந்து நோட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதி போய்ச் சேர்ந்த பிறகு மறு பாதியை அனுப்புவார்கள். அதுவும் கைவேலைதான், ஆனால் யாரையும் ஏமாற்றாத கைவேலை.

எவ்வளவு கொடுக்கலாம்?

விலைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. பிழை எவ்வளவு தூரத்திலிருந்து கண்ணில் படுகிறதோ அவ்வளவு விலை என்பது என் கணக்கு. கை நீட்டிப் பிடித்தாலே தெரியும் பட்டர்ஃபிளைக்குக் கொடுப்பேன், லென்ஸ் வைத்துத் தேட வேண்டிய மைப்புள்ளிக்கு முகமதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். விற்கிறவர் உறையிலிருந்து வெளியே எடுக்க விடவில்லையென்றால் பேரத்தை அங்கேயே முடித்துவிடுங்கள். சாய்வாக டார்ச் அடிக்க, பின்பக்கம் தடவ, மடித்துப் பார்க்க முடியாத பிழை நோட்டை நான் வாங்குவதில்லை.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

நம் ஊரின் கடல் காற்று நோட்டுக்கு எதிரி. இரும்பு ஸ்டேப்ளர் முள் இருந்தால் முதலில் நகத்தால் மெதுவாக நிமிர்த்தி எடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் துரு தாளைத் தின்றுவிடும். நோட்டுக் கட்டுகளில் ஸ்டேப்ளர் முள் அடிக்க வேண்டாம் என்று வங்கிகளுக்கு 2001லேயே சொல்லியாகிவிட்டது, ஆனால் பழைய கட்டுகளில் இருக்கும். செலோ டேப் கூடவே கூடாது. மலிவான பி.வி.சி. ஆல்பம் கொஞ்ச வருஷத்தில் பிசுபிசுத்து மையை இழுக்கும், பாலியெஸ்டர் உறை நல்லது. இஸ்திரி போட்டு மடிப்பை எடுக்காதீர்கள். பட்டர்ஃபிளையை மட்டும் விரிக்கலாமா, மடித்தே வைக்கலாமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓடுகிறது. நான் விரித்து வைப்பவன்.